ரெண்டு வருஷ வாடகை கேரண்டியை நம்பி குடோன் வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. நாங்க டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கோம், பேர் போட வேண்டாம். நானும் வீட்டுக்காரரும் பருப்பு, மசாலா, அரிசி எல்லாம் இந்தியாலேர்ந்து இறக்கி இங்க கடைகளுக்கு ஹோல்சேல் போடுறோம். ஜேக்கப்ஸ்ல 400 சதுர மீட்டர் குடோன், மாசம் மீட்டருக்கு 58 ரேண்ட் வாடகை, ரேட்ஸ், அதான் முனிசிபாலிட்டி வரி, எல்லாம் ஓனரே கட்டிடுவார், லீஸ் முடிய இன்னும் 14 மாசம் இருக்கு. ஓனர் விக்கப் போறார்னு காதுல விழுது. இப்ப ஒரு புரோக்கர் ஹாமர்ஸ்டேல் பக்கம் புதுசா கட்டப் போற மினி குடோன் பார்க்ல அதே 400 மீட்டர் யூனிட் 38 லட்சம் ரேண்ட், வாட் தனின்னு சொல்றார். கட்டி முடிச்சதும் மீட்டருக்கு 75 ரேண்ட் வாடகை ரெண்டு வருஷத்துக்கு கேரண்டியாம், வருமானம் ஒன்பதரை சதவீதம் வருதுன்னு கணக்கு காட்டுறார். பேங்க் 70 சதவீதம் தரும்ங்கிறார். கூடவே ஒரு மார்க்கெட் ரிப்போர்ட்லேர்ந்து சில பக்கம் அனுப்பினார், தென்னாப்பிரிக்கா வேர்ஹவுஸிங் தொழில் 2030 வரைக்கும் வருஷத்துக்கு 7 சதவீதம் வளரும்னு போட்டிருக்கு, முழு ரிப்போர்ட் 4,000 டாலர். எங்க கொழுந்தனார் போன வருஷம் அதே ஹாமர்ஸ்டேல் ஏரியால ஒரு யூனிட் 62 ரேண்டுக்கு மூணு வருஷ லீஸ் எடுத்தார், முதல் ரெண்டு மாசம் ஃப்ரீ. மாமா, எத்தனை நாளைக்கு அடுத்தவன் செவுத்துக்குள்ள சரக்கு வச்சு காலம் தள்ளுறதுன்னு கேக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணணுமாம். அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சுட்டு முடிவு பண்ணலாமா அண்ணா? பிரோஷர் இதோட அனுப்பியிருக்கேன்.

பதில்:

தங்கச்சி, அவசரமானதை முதல்ல சொல்லிடுறேன். வெள்ளிக்கிழமை சைன் பண்ணாதீங்க, அந்த ரிப்போர்ட்டையும் வாங்காதீங்க. பேங்குக்கும் ஃபண்டுக்கும் இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுறதுதான் என் வேலை, அதனால அது யாருக்கு உதவும் யாருக்கு உதவாதுன்னு எனக்கு தெரியும். தென்னாப்பிரிக்கால கால் வைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற வெளிநாட்டு கம்பெனி, நூறு கோடி கணக்குல முதலீடு பண்ற பென்ஷன் ஃபண்ட், இவங்களுக்கு அது நல்ல பொருள். உங்களுக்கு தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம், அந்த ரோட்டுல, அந்த சைஸ் யூனிட்டுக்கு, கேரண்டி முடிஞ்ச மறுநாள் எவ்வளவு வாடகை வரும். அதுக்கான பதில் அந்த ரிப்போர்ட்ல எந்த பக்கத்துலயும் இருக்காது. உங்க கொழுந்தனார் கையெழுத்து போட்ட லீஸ்ல இருக்கு.

அதை வச்சே கணக்கு போடுவோம், ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க.

புரோக்கர் கணக்கு இப்படி: 400 மீட்டர், 75 ரேண்ட், மாசம் 30,000, வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், அதை 38 லட்சத்தால வகுத்தா ஒன்பதரை சதவீதம். கணக்குல பிழை இல்ல. ஆனா நீங்க அனுப்பின பிரோஷர்ல கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல லெவி, அதாவது பார்க் பராமரிப்புக் கட்டணம், மீட்டருக்கு 12 ரேண்டுன்னும் ரேட்ஸ் மாசம் சுமார் 6,500ன்னும் போட்டிருக்கு பாருங்க, லெவி மட்டும் 4,800, ரெண்டும் சேத்து 11,300. வாடகை கிராஸ்னு, அதாவது இந்த செலவெல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்னு, எழுதியிருக்கறதால அது ரெண்டும் உங்க பாக்கெட்லேர்ந்துதான் போகும். அப்ப கையில மிஞ்சுறது 18,700. வருஷத்துக்கு 2 லட்சத்து 24 ஆயிரத்து சொச்சம், அதாவது 6 சதவீதம் கூட வரல. இதுல இன்னும் உள்ளே இருக்கற ரிப்பேர், ஆள் இல்லாம காலியா கிடக்குற மாசம், வாடகை வசூல் பண்ற ஏஜென்ட் கமிஷன் எதுவும் சேக்கல.

இப்ப கடன். 2025 நவம்பர்ல ரிசர்வ் பேங்க், பேங்குகளுக்கு தான் கடன் தர்ற ரெப்போ வட்டியை 6.75 சதவீதத்துக்கு இறக்குச்சு, பேங்குங்க நமக்கு போடற அடிப்படை வட்டியான பிரைம் 10.25க்கு வந்துச்சு. நீங்க பிரைம்லயே கடன் வாங்குறதா வச்சுப்போம், சின்ன பிசினஸுக்கு அதுக்கு மேல தான் கேப்பாங்க, இருந்தாலும் நல்ல விதமாவே போடுவோம். 38 லட்சத்துல 70 சதவீதம் 26 லட்சத்து 60 ஆயிரம், பத்து வருஷம், மாசம் கட்ட வேண்டியது சுமார் 35,500. வர்றது 18,700. மாசா மாசம் 16,800 ரேண்ட் உங்க பருப்பு வியாபாரத்துலேர்ந்து எடுத்து இதுல போடணும், அதுவும் கேரண்டி ஓடிட்டு இருக்கற நல்ல காலத்துலயே. கேரண்டி முடிஞ்சு 62 ரேண்டுக்கு ஆள் வந்தா மாசம் 24,800, அதுல 11,300 போக 13,500, அப்ப உங்க கைக்காசு மாசம் 22,000. பிரைம் 2023 மே மாசத்துலேர்ந்து 2024 செப்டம்பர் வரைக்கும் 11.75ல நின்னுச்சு, அந்த மாதிரி மறுபடி ஏறினா தவணை மட்டும் இன்னும் 2,200க்கு மேல கூடும்.

கேரண்டியைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இந்த வியாபாரத்தோட மூளையே அங்கதான் இருக்கு. அந்த ஏரியால 62 ரேண்டுக்கு ஆள் கிடைக்குது, இவங்க 75க்கு கேரண்டி தர்றாங்க. வித்தியாசம் மாசம் 5,200. ரெண்டு வருஷத்துக்கு விக்கிறவங்களுக்கு அதுல ஆகுற செலவு 1 லட்சத்து 24 ஆயிரத்து 800. சரி, இதனால அவங்களுக்கு என்ன கிடைக்குது? குடோனோட விலையை வருஷ வாடகையை வச்சுத்தான் கணக்கு பண்றாங்க, ஒன்பதரை சதவீத கேப் ரேட்ல, அதாவது வருஷ வாடகை விலைல ஒன்பதரை சதவீதமா இருக்கணும்னு. 62 ரேண்டுன்னா வருஷ வாடகை 2 லட்சத்து 97 ஆயிரத்து 600, அதே கேப் ரேட்ல விலை 31 லட்சத்து 40 ஆயிரம் சுமார். 75ன்னு போட்டதால 38 லட்சம். அதாவது ஒண்ணேகால் லட்சம் செலவு பண்ணி விலையை ஆறரை லட்சத்துக்கு மேல ஏத்திட்டாங்க, அந்த ஒண்ணேகால் லட்சமும் நீங்க குடுக்கற காசுலேர்ந்தே உங்களுக்கு மாசா மாசம் திரும்பி வருது. இதுல சட்டத்துக்கு விரோதமா எதுவும் இல்ல, எல்லாம் பேப்பர்ல தெளிவா இருக்கு, படிச்சுப் பாக்கற வேலை மட்டும் வாங்குறவங்க தலைல.

அந்த 62 கூட முழு 62 கிடையாது. ரெண்டு மாசம் ஃப்ரீ குடுத்திருக்காங்கல்ல, 36 மாசத்துல 34 மாசம்தான் வாடகை, வருஷா வருஷம் ஏத்துறதை விட்டுட்டுப் பாத்தா மீட்டருக்கு 58.50 தான் விழுது. நீங்க ஜேக்கப்ஸ்ல குடுக்கற 58க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க. போர்டுல எழுதி வச்சிருக்கற வாடகை ஒண்ணு, லீஸ்ல எழுதின வாடகை ஒண்ணு, ஃப்ரீ மாசம், ஓனர் போட்டுத் தர்ற பார்ட்டிஷன், பெயின்ட் எல்லாம் கழிச்சு உண்மையில கைக்கு வர்ற வாடகை ஒண்ணு. மூணாவதைத்தான் கேக்கணும். ரிப்போர்ட்ல வர்ற சராசரி எல்லாம் பெரும்பாலும் முதல் ரெண்டுலேர்ந்து எடுத்தது.

இப்ப அந்த 7 சதவீத வளர்ச்சி. பொய்னு சொல்ல வரல. ஆனா ஒரு தொழில் 7 சதவீதம் வளருதுன்னா உங்க யூனிட் வாடகை 7 சதவீதம் ஏறும்னு அர்த்தம் இல்லம்மா. முதல்ல அதுல விலைவாசி ஏத்தம் கலந்திருக்கா, ரேண்டுலயா டாலர்லயா, வேர்ஹவுஸிங்னு சொல்றதுல ட்ரக் ஓட்டுற வருமானமும் சேந்திருக்கான்னு பாக்கணும். இங்க பணவீக்க டார்கெட் 3லேர்ந்து 6 சதவீதம்னு ரொம்ப வருஷமா இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதை 3 சதவீதம்னு மாத்திட்டாங்க, மேலயும் கீழயும் ஒரு சதவீதம் தாங்கலாம். ரெண்டாவது, தேவை வளருற அளவுக்கு புது குடோனும் கட்டிட்டா வாடகை நகராது. ஹாமர்ஸ்டேல், கேட்டோ ரிட்ஜ் பக்கம் நிலம் இருக்கு, கட்டலாம். ஜேக்கப்ஸ், மோபெனி, கிளேர்வுட்ல புதுசா கட்ட இடம் எங்க இருக்கு? எந்தப் பக்கம் வாடகை இறுகும்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

துறைமுகத்தைப் பத்தியும் சொல்லணும். 2023 நவம்பர்ல டர்பனுக்கு வெளியே கப்பல் வரிசைல நின்னது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்க கன்டெய்னரும் அதுல எங்கயாவது நின்னிருக்கும், 60 ஆயிரத்துக்கு மேல கன்டெய்னர் கடல்ல மாட்டிக்கிச்சு. உலக வங்கி அந்த வருஷத்துக்கு போட்ட கன்டெய்னர் துறைமுகப் பட்டியல்ல 405ல டர்பன் 398, கேப் டவுன் கடைசி. அப்ப எல்லா இம்போர்ட்டரும் என்ன பண்ணாங்க, எப்ப வரும்னு தெரியலையேன்னு ஒரு மாச சரக்குக்கு பதிலா ரெண்டு மாச சரக்கு வாங்கி அடுக்கினாங்க, குடோன் தேவை ஏறுச்சு. ரிப்போர்ட் எழுதறவங்க அதையும் வளர்ச்சின்னுதான் எண்ணுவாங்க. ஆனா அந்த தேவை துறைமுகம் கெட்டுப்போனதால வந்தது. டர்பன் துறைமுகத்துல பியர் 2 டெர்மினலை அரசாங்க துறைமுக கம்பெனி டிரான்ஸ்நெட் கூட சேந்து நடத்த பிலிப்பைன்ஸ் கம்பெனி ஐசிடிஎஸ்ஐயை 2023 ஜூலைல தேர்ந்தெடுத்தாங்க, போட்டி கம்பெனி கோர்ட்டுக்குப் போனதுல ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, 2025 அக்டோபர்ல டர்பன் ஹைகோர்ட் அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. டர்பன்ல இறங்குற கன்டெய்னர்ல பெரும்பகுதி அந்த பியர் 2 வழியாத்தான். அங்க கிரேன் வேகம் கூடினா நீங்க வச்சிருக்க வேண்டிய சரக்கு குறையும், உங்கள மாதிரி எல்லாருக்கும் குறையும். பத்து வருஷ கடன் எடுக்கறவங்க இதை யோசிச்சுத்தான் ஆகணும்.

இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க. டர்பன் ஏர்போர்ட் 2010ல லா மெர்சிக்கு போனதும், பழைய ஏர்போர்ட் இருந்த அந்த நிலத்துல புது துறைமுகமே தோண்டப் போறோம்னு 2012ல டிரான்ஸ்நெட் வாங்கினாங்க. நம்ம பெரியவங்க காய்கறி போட்டுட்டு இருந்த நிலத்தை ஒட்டின இடம் அது. எத்தனை ரிப்போர்ட்ல அந்த துறைமுகம் வந்தாச்சுங்கிற மாதிரி கணக்கு போட்டிருந்தாங்க தெரியுமா. இன்னைக்கு வரைக்கும் அங்க தோண்டல. கேட்டோ ரிட்ஜ்ல டிரை போர்ட், அதாவது கடல் இல்லாத இடத்துல கன்டெய்னர் கையாளுற துறைமுகம், வரும்ங்கிற பேச்சும் வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு. புரோக்கர் அதைச் சொல்லி விலை கேட்டா, வந்ததுக்கு அப்புறம் பேசலாம்னு சொல்லிடுங்க.

உங்க சரக்கு எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு ஒரு தடவை பாருங்க. துறைமுகத்துலேர்ந்து ஜேக்கப்ஸ் பத்து கிலோமீட்டருக்குள்ள. ஹாமர்ஸ்டேல் நாப்பதுக்கு மேல, மலை ஏறணும், மேரியன்ஹில் டோல் கட்டணும், என்3 நெடுஞ்சாலையை அகலப்படுத்துற வேலை டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல வருஷக்கணக்கா நடக்குது, கீ ரிட்ஜ் பக்கம் மாட்டினா அன்னைக்கு ரெண்டு நடை ஓடற லாரி ஒரு நடைதான் ஓடும். டோல் வேண்டாம்னு பெரிய லாரியை ஃபீல்ட்ஸ் ஹில் வழியா இறக்கவும் முடியாது, 2013 செப்டம்பர்ல 24 பேர் செத்த அந்த விபத்துக்கு அப்புறம் பெரிய வண்டிக்கு அங்க தடை போட்டுட்டாங்க. உங்க கஸ்டமர் யாரு? சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் கடைங்க. மலை மேல ஏத்தி அதே சரக்கை மறுபடி கீழ இறக்கணும். மிஸ்டர் பிரைஸ், பெப்கோர் மாதிரி பெரிய கம்பெனிங்க ஹாமர்ஸ்டேல்ல குடோன் போட்டிருக்காங்கன்னா அவங்க சரக்கு நாடு முழுக்க, முக்கியமா ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போகுது, அவங்களுக்கு அது சரியான இடம். உங்க கிளியரிங் ஏஜென்டோட போன ஆறு மாச பில்லை எடுத்து, ஒரு கன்டெய்னருக்கு கார்ட்டேஜ், அதாவது லாரி வாடகை, ஹாமர்ஸ்டேலுக்கு எவ்வளவு ஆகும்னு அவரையே கேளுங்க, கூடவே டெலிவரி வேனுக்கு டீசல் எவ்வளவு கூடும்னு டிரைவரை கேளுங்க. அந்த ரெண்டு நம்பர் சேந்தா அங்க போனா மிச்சம்னு நினைக்கறது எல்லாம் கரைஞ்சு போறதுக்கு வாய்ப்பு நிறைய.

மலை மேல ஒரு நல்லது இருக்கு, அதை மறைக்கக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துல பிராஸ்பெக்டன்ல டொயோட்டா தொழிற்சாலையே தண்ணில நின்னு மாசக்கணக்கா மூடிக் கிடந்துச்சு, துறைமுகத்துக்குப் போற பேஹெட் ரோடு அறுந்து போச்சு. தெற்கு டர்பன் தாழ்வான இடம். அரிசி மூட்டை ஒரு அடி தண்ணி பட்டா போச்சு. அதனால ஜேக்கப்ஸ்ல இருந்தாலும் சரி, எங்க இருந்தாலும் சரி, உங்க ஸ்டாக் இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேந்திருக்கான்னு இந்த வாரமே பாருங்க, கலவர சேதத்துக்கு அரசாங்க கம்பெனி சாஸ்ரியா குடுக்கற கவர் தனியா இருக்கான்னும் பாருங்க. 2021 ஜூலைல நம்ம ஊர் குடோன்கள சூறையாடினப்ப சாதாரண பாலிசி எதுவும் குடுக்கல, கலவரத்துக்கு சாஸ்ரியா மட்டும்தான் குடுக்கும், 30 பில்லியன் ரேண்டுக்கு மேல அவங்க மேல கிளெய்ம் போச்சு. அந்த கவர் இல்லாம நின்னவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, இன்னும் கட்டாத கட்டடம். வீடு வாங்கினா, வீடு கட்டுறவங்களைப் பதிவு பண்ணி கண்காணிக்கற என்ஹெச்பிஆர்சி அமைப்போட பாதுகாப்பு இருக்கு, குடோனுக்கு அது கிடையாது. எதேக்வினி, அதாவது டர்பன் முனிசிபாலிட்டி அப்ரூவ் பண்ணின பிளான், சீல் போட்டது, உங்க கண்ணால பாக்கணும், "பிராசஸ்ல இருக்கு"ன்னு சொன்னா அது அப்ரூவ் ஆகலன்னு அர்த்தம். டோங்காட் மால் 2013 நவம்பர்ல இடிஞ்சு ரெண்டு பேர் செத்தாங்க, பிளான் அப்ரூவ் ஆகாம, கோர்ட் நிறுத்தச் சொல்லியும் கட்டிட்டு இருந்தாங்க. 2024 மே மாசம் ஜார்ஜ் ஊர்ல இடிஞ்ச கட்டடத்துல 34 உயிர் போச்சு. அந்த சைட் மலைச்சரிவுல மண் கொட்டி மேடாக்கின இடம்னா ஜியோடெக் ரிப்போர்ட், அதாவது மண் எவ்வளவு தாங்கும்ங்கிற ஆய்வு, கேளுங்க, காசு குடுத்து வாங்க வேண்டிய ரிப்போர்ட்னா அதுதான்.

சைட்ல வேலையை நிறுத்துற பிரச்சினையும் இருக்கு, பிசினஸ் ஃபோரம்னு சொல்லிட்டு வந்து 30 சதவீதம் வேலை எங்களுக்கு குடுன்னு கேட்டு மெஷினை நிறுத்திடுவாங்க. அந்த 30 சதவீதம் 2017ல வந்த அரசாங்க கொள்முதல் விதிலேர்ந்து கிளம்பினது, அது தனியார் சைட்டுக்கு எப்பவுமே பொருந்தல, ஆனாலும் வந்தாங்க, 2024 நவம்பர்ல நம்ம டர்பன்லயே மாநாடு கூட்டி இதை ஒடுக்கணும்னு பிரகடனம் போட்டாங்க. இதுனால சைட் ஆறு மாசம் நின்னா உங்க டெபாசிட் எங்க இருக்கும், கேரண்டி எந்த தேதிலேர்ந்து ஓடும், எந்த தேதிக்கு மேல போனா நீங்க விலகிக்கலாம், இது மூணும் ஒப்பந்தத்துல எழுத்துல இருக்கணும். டெபாசிட் அட்டர்னியோட டிரஸ்ட் அக்கவுன்ட்ல உங்க பேர்ல வட்டியோட இருக்கணும், பில்டர் கைக்குப் போகக் கூடாது. கேரண்டி தர்றது யாருன்னும் பாருங்க. பெரும்பாலும் அந்த ஒரு புராஜெக்டுக்குன்னு ஆரம்பிச்ச தனி கம்பெனியா இருக்கும், எல்லா யூனிட்டும் வித்ததும் அதுல காசே இருக்காது, ரெண்டாவது வருஷம் கேரண்டி பணம் நின்னா யார்கிட்ட போய் கேப்பீங்க? பேங்க் கேரண்டியாவோ, அட்டர்னிகிட்ட கட்டி வச்ச பணமாவோ இருந்தாத்தான் அதுக்குப் பேர் கேரண்டி.

வாட் விஷயம் சுருக்கமா. 38 லட்சத்துக்கு 15 சதவீதம் 5 லட்சத்து 70 ஆயிரம். உங்க கம்பெனி வாட்ல பதிவாகி இருந்தா திரும்ப வாங்கிக்கலாம், ஆனா வரி இலாகாவான சார்ஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் அந்தக் காசை நீங்கதான் புரட்டணும். யார் பேர்ல வாங்குறீங்கங்கிறதும் இதோட சேந்த கேள்வி, அக்கவுன்டன்டை கேக்காம மாமா பேர்லயோ வீட்டுக்காரர் பேர்லயோ போட்டுடாதீங்க.

சரி, உண்மையான மார்க்கெட் தகவல் வேணும்னா எங்க போறது? காசே இல்லாம நிறைய கிடைக்குது. ஜோஹன்னஸ்பர்க் ஷேர் மார்க்கெட்ல இருக்கற ஈக்விட்டிஸ், ஃபோர்ட்ரெஸ் மாதிரி குடோன் வச்சிருக்கற ப்ராப்பர்ட்டி கம்பெனிங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை ரிசல்ட் வெளியிடுவாங்க, அதுல எத்தனை சதவீதம் காலி, லீஸ் புதுப்பிச்சப்ப வாடகை ஏறுச்சா இறங்குச்சா, வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏத்துறாங்க எல்லாம் அவங்களே வெளியிடற நம்பரா இருக்கும். புதுப்பிக்கறப்ப என்ன ஆச்சுங்கிற அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க, நாட்டோட குடோன் மார்க்கெட் நிலவரம் அதுல தெரியும். ஆனா அவங்களது பெரிய கம்பெனிக்கு நீண்ட லீஸ்ல விட்ட பெரிய குடோன், உங்க 400 மீட்டருக்கு அது ஒரு திசை காட்டும், அவ்வளவுதான். அரசாங்க புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ மாசா மாசம் எவ்வளவு கட்டடத்துக்கு பிளான் பாஸ் ஆச்சு, எவ்வளவு கட்டி முடிச்சாங்கன்னு மாகாணம் வாரியா போடுறாங்க. பாஸ் ஆனது ஏறிட்டே போனா ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடோன் குவியப் போகுதுன்னு புரிஞ்சுக்கலாம். கட்டுமானச் செலவு எப்படிப் போகுதுன்னும் அவங்ககிட்டயே இருக்கு. துறைமுகம் எப்படி ஓடுதுங்கறதுக்கு ஃபிரைட் ஃபார்வர்டர் சங்கம் வாரா வாரம் ஒரு குறிப்பு போடுறாங்க, உங்க கிளியரிங் ஏஜென்ட் மெயில்ல அது கண்டிப்பா இருக்கும், ஃபார்வர்ட் பண்ணச் சொல்லுங்க. பக்கத்து யூனிட் எவ்வளவுக்கு வித்துச்சுன்னு தெரியணும்னா பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸ், அதாவது சொத்துப் பத்திரப் பதிவு ஆபீஸ், பதிவுல இருக்கு, அவங்க வெப்சைட் டீட்ஸ்வெப்ல கொஞ்ச கட்டணத்துல பாக்கலாம், அதுல வாட் சேந்த விலையா சேராததான்னு மட்டும் கவனமா பாருங்க. ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரரோட அந்த ஏரியாவுக்கே போய், எத்தனை கேட்ல "டு லெட்" போர்டு தொங்குதுன்னு எண்ணி, ரெண்டு போர்டுல உள்ள நம்பருக்கு வாடகைக்கு கேக்கற மாதிரி போன் பண்ணுங்க. எத்தனை மாசம் ஃப்ரீ தருவீங்கன்னு கேளுங்க, உடனே பதில் வந்தா அங்க ஆள் கிடைக்க கஷ்டம்னு அர்த்தம்.

மாமா சொல்றதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். இனத்தை வச்சு யார் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தால இருந்த வீட்டையும் நிலத்தையும் விட்டுட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்த தலைமுறை அது, சொந்த செவுரு வேணும்னு அவர் கேக்கறதுல நியாயம் இருக்கு. அவர்கிட்ட இப்படி சொல்லிப் பாருங்க. இப்ப நீங்க குடுக்கற வாடகை மாசம் 23,200. அந்த யூனிட்டை வாங்கி நீங்களே குடி போனா தவணையும் லெவியும் ரேட்ஸும் சேத்து 46,800, ரெண்டு மடங்குக்கு மேல. அதுல அசல்ல கழியறதை சேமிப்புன்னு எடுத்துக்கிட்டாலும் முதல் மாசம் வட்டி மட்டும் 22,700, அதோட அந்த 11,300ஐயும் சேத்தா 34,000. இது போக முன்பணம் 11 லட்சத்து 40 ஆயிரம் செவுத்துல போய் உக்காந்துடும். அந்தக் காசு இன்னைக்கு உங்க சரக்குல சுத்துது, வருஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். தீபாவளிக்கு முன்னாடி ஒரு கன்டெய்னர் கூடுதலா இறக்க முடியாம போனா எவ்வளவு நஷ்டம்னு ஒரு பேப்பர்ல எழுதி மாமாகிட்ட காட்டுங்க, அவரும் வியாபாரம் பண்ணினவர்தானே, புரியும்.

இப்ப இருக்கற ஓனர் வித்துட்டா தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு ஒரு பயம் உங்க லெட்டர்ல தெரியுது. இந்த நாட்டு சட்டப்படி கட்டடம் கை மாறினாலும் லீஸ் அப்படியே தொடரும், வாங்கினவர் உங்க 14 மாசத்தை மதிச்சே ஆகணும். அதுல விக்கிறப்ப லீஸை முடிச்சுக்கலாம்னு ஏதாவது வரி இருக்கான்னு மட்டும் எடுத்துப் பாருங்க. இல்லன்னா நீங்களே ஓனர்கிட்ட போங்க, அவர் கூப்பிடற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். விக்கப் போறவருக்கு நீண்ட லீஸ்ல ஆள் இருந்தா விலை கூட கிடைக்கும், அதனால இப்பவே அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிக்கிறோம், வருஷ ஏத்தம் 6 சதவீதத்துக்கு மேல வேண்டாம், வித்தா முதல்ல எங்ககிட்ட கேக்கணும்னு ஒரு வரி சேருங்கன்னு கேளுங்க. அவர் விலை சொன்னா, அந்த ஜேக்கப்ஸ் குடோனையே வாங்குறதைப் பத்தி நான் சந்தோஷமா உக்காந்து கணக்கு போட்டுத் தர்றேன், ஏன்னா அங்க வாடகை எவ்வளவுன்னு யாரும் ஊகிக்க வேண்டியதில்ல, கட்டுறதே நீங்கதான். நீங்களே குடி இருக்கற கட்டடத்தை வாங்கினா டிரான்ஸ்ஃபர் டியூட்டியா, அதாவது சொத்து கை மாறுறப்ப கட்டுற வரியா, இல்ல வாட்டாங்கிறது ஓனர் வாட்ல பதிவானவரா இல்லையாங்கிறதைப் பொறுத்தது, அதையும் விசாரிச்சு வைங்க.

புரோக்கருக்கு நாளைக்கே ஒரு மெயில் போடுங்க, போன்ல பேச வேண்டாம். முனிசிபாலிட்டி அப்ரூவ் பண்ணின பிளான் காப்பி, கேரண்டி தர்ற கம்பெனி பேரும் அந்தப் பணம் எங்க கட்டி வச்சிருக்குங்கிற அட்டர்னி லெட்டரும், இதுவரைக்கும் அந்த ஏரியால அவர் முடிச்சுக் குடுத்த லீஸ் மூணோட வாடகையும் ஃப்ரீ மாசமும், இவ்வளவும் வந்ததுக்கு அப்புறம்தான் பேசுவோம்னு எழுதுங்க. ஆஃபர் டு பர்ச்சேஸ்ல, அதாவது வாங்குறேன்னு எழுதிக் குடுக்கற பேப்பர்ல, நீங்க கையெழுத்து போட்டு விக்கறவரும் ஒத்துக்கிட்டா அது முழு ஒப்பந்தம், அப்புறம் யோசிச்சு வேண்டாம்னு சொல்ற அஞ்சு நாள் அவகாசம் சின்ன விலை வீட்டுக்குத்தான், குடோனுக்கு கிடையாது. பின்னாடி எப்பவாவது எதுலயாவது கையெழுத்து போடற நிலைமை வந்தாலும் பேங்க் லோன் எழுத்துல கிடைச்சாத்தான் செல்லும்ங்கிற நிபந்தனையை உங்க சொந்த அட்டர்னி சேத்துக் குடுக்கணும், அவங்க அட்டர்னி இல்ல. மெயிலுக்கு பதில் வந்தா எனக்கு அனுப்புங்க தங்கச்சி, ஜேக்கப்ஸ் லீஸ் காப்பியும் கொழுந்தனார் லீஸ் காப்பியும் சேத்து அனுப்புங்க, பேரை அழிச்சுட்டு அனுப்பினா போதும்.